அம்மாவின் சட்டிக்கு இருநூறு வயது

மலையேற்றத்துக்கு யார் யார் என்ன கொண்டுவர வேண்டும் என்று தோழர் லிசார்டோ கரும்பலகையில் எழுதியபோது, என் பெயருக்கு நேரே 'இறைச்சி, ஏதாவது' என்று எழுதினார். அது தொண்ணூற்று மூன்றாம் வருடம். இறைச்சி எந்த நிறத்தில் இருக்கும் என்பதையே நாங்கள் மறந்துகொண்டிருந்தோம். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு அதை அழித்தார், 'பாத்திரம்' என்று மாற்றி எழுதினார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

தோழர் லிசார்டோ எங்கள் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர். மாணவர் ஆய்வுப் படைக்கு வழிகாட்டியும் அவர்தான். இருபத்தாறு வயது, கழுத்தில் விசில், எதற்கெடுத்தாலும் வாயில் ஒரு முழக்கம். முடிச்சுப் போடுவது, ஈர விறகில் தீ மூட்டுவது, திசை கண்டுபிடிப்பது எல்லாம் சொல்லிக்கொடுப்பார். திசை விஷயத்தில் மட்டும் அவரே கொஞ்சம் தடுமாற்றம். ஒருமுறை எங்களை வடக்கே கூட்டிப்போகிறேன் என்று மூன்று மணி நேரம் நடத்தி, எங்கள் பள்ளிக்கூடத்தின் பின்வாசலிலேயே கொண்டுவந்து விட்டார். அதையும் வெற்றி என்றுதான் அறிக்கையில் எழுதினார்.

அந்த வருடம் படைகளுக்கிடையே ஒரு போட்டி அறிவித்திருந்தார்கள். எந்தப் படை நம் மண்ணின் வரலாற்றைச் சொல்லும் பழம்பொருள் ஒன்றை ஊர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கிறதோ, அந்தப் படைக்கு ஐந்து நாள் கடற்கரை முகாம். பால்மரிட்டோ எங்கள் ஊர், காப்பி மலைக்கு நடுவில். எனக்குப் பதினோரு வயது. தீவில் பிறந்தவள் கடலைப் பார்த்ததில்லை என்றால் யாரும் நம்புவதில்லை. ஆனால் ரஷ்யாவிலிருந்து வந்துகொண்டிருந்த பெட்ரோல் நின்றுபோயிருந்தது, பஸ் இல்லை, இருந்த ஒரே லாரியை இரண்டு மாடுகள் இழுத்துக்கொண்டிருந்தன. கடல் என்று ஒன்று இருக்கிறது என்பதை நாங்கள் ரேடியோவை நம்பித்தான் நம்பினோம். எனக்கு அந்த ஐந்து நாள் வேண்டும். அப்படி ஒரு வெறி.

இனி சட்டியைப் பற்றி. என் அம்மா ஹெனோவேவா ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் வேலை பார்த்தாள். காலை ஆறுக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வீடு. வீட்டில் உருப்படியான பாத்திரம் என்று இருந்தது ஒரே ஒரு வார்ப்பிரும்புச் சட்டி. கறுப்பு, கனம், கரி அப்பி அப்பி விரல் தடிமனுக்கு ஏறியிருக்கும். அதன் இரண்டு காதுகளில் ஒன்று உடைந்தபோது, டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த என் அப்பா ஒரு வளையத்தை வைத்து போல்ட் போட்டு முறுக்கித் தந்தார். அடுத்த மாதமே சாண்டியாகோ நகரத்துக்கு இன்னொருத்தியோடு போய்விட்டார். அவர் எங்களுக்கு விட்டுப்போன சொத்து அந்த போல்ட் ஒன்றுதான். அம்மாவிடம் கேட்டால் சட்டியைத் தரமாட்டாள். ஆகவே கேட்கவில்லை. ஆறு மணிக்குள் கழுவித் துடைத்து அடுப்பில் வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

பதினாலு பேர். நான் மூன்றாவது குழு. எங்கள் குழுத் தலைவி டானியுர்கா, மருந்துப் புட்டியில் உப்புக் கொண்டுவந்தாள், அதை அணுகுண்டு மாதிரிக் காவல் காத்தாள். ஊரில் நடக்கும் எதுவும் அவள் வாயில் ஒரு மணி நேரம் தங்காது. இன்னொருவன் ஒஸ்மெல். மரவள்ளிக்கிழங்கைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தவன், வழியிலேயே பாதியைப் பச்சையாகக் கடித்துவிட்டு, எடை குறைந்ததற்கு வெயிலைக் காரணம் சொன்னான். ஆற்றைத் தாண்டி, சேற்றில் வழுக்கி, செங்குத்தாக இரண்டு மணி நேரம் ஏற்றம். சட்டி என் மண்டையை அழுத்தி அழுத்தி நான் இரண்டு அங்குலம் குட்டையாகிவிட்டேன் என்று ஒஸ்மெல் சொன்னான்.

காட்டுக்குள் இருந்தது லா ஃபோர்துனா. இருநூறு வருடம் முன்னால் பிரெஞ்சுக்காரர்கள் நடத்திய காப்பித் தோட்டம். இப்போது மிச்சம் இருப்பது இடுப்புயரக் கல்சுவர், படி படியாக இறங்கும் காப்பி உலர்த்தும் தளங்கள், வட்டமான அரவைத் தொட்டி, கூரை இல்லாத ஒரு சமையல்கட்டு. சுவர்களை ஆலமர வேர்கள் கட்டிப் பிடித்திருந்தன. வேரை எடுத்தால் சுவர் விழும், சுவரை எடுத்தால் மரம் விழும் என்ற நிலைமை. தோழர் லிசார்டோ தளத்தின் மேல் ஏறி நின்று, இங்கே நம் முன்னோர் சங்கிலியோடு உழைத்தார்கள் என்று பேச ஆரம்பித்தார். அது உண்மைதான். என் கொள்ளுத்தாத்தாவின் தாத்தா அந்தத் தளத்தில்தான் காப்பி துழாவியிருப்பார். ஆனால் பேச்சு பாதி போகும்போதே ஒஸ்மெலின் வயிறு இரைந்தது. தோழருடைய வயிறு அதற்குப் பதில் சொன்னது. சமையலை முதலில் முடித்துவிடலாம் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

பழைய சமையல்கட்டிலேயே மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினோம். மரவள்ளி, பச்சை வாழைக்காய், ஒரு பூசணித் துண்டு, இரண்டு சோளக்கதிர், வழியில் பறித்த காட்டுக் கொத்தமல்லி. இறைச்சிக்குப் பதிலாக ஒஸ்மெல் ஒரு ஓணானைப் பிடித்து வந்தான். டானியுர்கா அலறிய அலறலில் ஓணான் தப்பித்தது. ஆனாலும் அந்தச் சூப்பைப் போல ஒன்றை நான் அதற்கப்புறம் குடிக்கவில்லை. தோழர் லிசார்டோ இரண்டு கிண்ணம் குடித்தார், மூன்றாவதற்குச் சட்டியை எட்டிப் பார்த்தார், சட்டி காலி.

கழுவத் தண்ணீர் கீழே ஆற்றில்தான் இருந்தது. அதனால் நான் சட்டிக்குள் சாம்பலும் ஈர மண்ணும் அப்பித் தேய்த்தேன். அடியில் ஒட்டியது வரவில்லை. ஊறட்டும் என்று இன்னும் கொஞ்சம் மண்ணைப் போட்டு, அடுப்பை ஒட்டிய சுவர்ப் பொந்துக்குள் சாய்த்துத் தள்ளிவிட்டு, பழம்பொருள் தேடப் போனேன். அடுப்புத் தீயை விதிமுறைப்படி மண் மூடி, மேலே இலை பரப்பி, மனிதன் வந்த சுவடே தெரியாமல் ஆக்கியிருந்தோம். அது ஆய்வுப் படையின் முதல் பாடம். அந்தப் பாடத்தில் மட்டும் நாங்கள் அன்று நூற்றுக்கு நூறு.

மூன்று குழுவும் சல்லடை போட்டுத் தேடினோம். கிடைத்தவை: ஓர் ஆட்டு எலும்பு, பீர் புட்டித் துண்டு, ஒற்றை ரப்பர் செருப்பு. தோழர் லிசார்டோ செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரெஞ்சுக்காரர்கள் ரப்பர் செருப்பு போட்டிருப்பார்களா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். அவர் முகத்தைப் பார்க்கவே பரிதாபமாக இருந்தது. கடல் என்னைவிட்டுத் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் கோவேறு கழுதைமேல் நடுவர் வந்தார். தோழர் எவெலியோ. ஊர் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர், வரலாற்று ஆசிரியர், தொளதொளத்த கால்சட்டையைக் கயிறு போட்டுக் கட்டியிருந்த மனிதர். மூக்குக் கண்ணாடிக்கு ஒரு கை இல்லை, அதற்கும் நூல். ஆறு வருடமாக அருங்காட்சியகத்தின் இரண்டாம் அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி காலியாகக் கிடந்தது. அதில் வைக்க ஒரு பொருள் கிடைக்காதா என்று அவர் மலை மலையாக அலைந்தது எங்கள் ஊர் முழுக்கத் தெரியும்.

இடிபாடுகளைக் கைத்தடியால் தட்டிக்கொண்டே நடந்தார். சமையல்கட்டுக்கு வந்தார். பொந்துக்குள் தடியை விட்டார். 'டொங்' என்று சத்தம் வந்தது.

தோழர் எவெலியோ மண்டி போட்டு, இரண்டு கையையும் விட்டு, பிரசவம் பார்ப்பவர்போல் மெதுவாகச் சட்டியை வெளியே எடுத்தார். உள்ளிருந்து மண் பொலபொலவென்று கொட்டியது. யாரும் தொட வேண்டாம் என்றார். தானே தடவினார். நெற்றி சுருங்கியது.

"இளஞ்சூடா இருக்கு," என்றார். "இருநூறு வருஷமா இந்தக் கல்லுக்குள்ள கெடந்து வெயிலக் குடிச்சிருக்கு."

அந்த இடத்தில் மரம் மூடி, உச்சி வேளையில்கூட வெயில் விழாது. ஒஸ்மெலுக்கு இருமல் வந்துவிட்டது. தோழர் எவெலியோ உள்ளே விரல் விட்டு, ஒட்டியிருந்த ஒரு சோள மணியை நகத்தால் பெயர்த்து வெளிச்சத்தில் பிடித்தார். அடிமைகளுக்குச் சோளம்தான் போட்டார்கள் என்று அவர் எழுதிய கட்டுரையைத் தலைநகரில் யாரும் அச்சிடவில்லையாம். இதோ ஆதாரம் என்றார். சொல்லும்போதே குரல் உடைந்து அழுதார். அந்த அழுகை பொய்யில்லை. அங்கே உழைத்துச் செத்தவர்களுக்காக அந்த ஒல்லி மனிதர் நிஜமாகவே அழுதார். அதனால் எங்களில் யாருக்கும் வாய் திறக்க வரவில்லை.

தோழர் லிசார்டோ மட்டும் வாயைத் திறந்தார். அவருக்கு அந்தச் சட்டியை நன்றாகத் தெரியும், இரண்டு கிண்ணம் அதிலிருந்துதானே குடித்தார். என்னைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், பதினாலு பேரையும் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். இந்தப் பக்கம் தேடியது எந்தக் குழு என்று தோழர் எவெலியோ கேட்டார். மூன்றாவது குழு என்று டானியுர்கா விறைப்பாக நின்று அறிவித்தாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. இது மொதல்ல எங்க இருந்துச்சு?"

ஒரே ஒரு வார்த்தை போதும். இது எங்க வீட்டுச் சட்டி தோழர் என்று சொன்னால் ஆறு மணிக்கு அது எங்கள் அடுப்பில் இருக்கும். கடல் இருக்காது. நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். யோசிக்கவே இல்லை.

"அடுப்புக்குப் பக்கத்துல, தோழர்," என்றேன்.

அதில் பொய் எதுவும் இல்லை என்று இன்றைக்கும் சாதிப்பேன். ஆனால் அவ்வளவு கேவலமான உண்மையை அதற்கப்புறம் நான் பேசியதில்லை.

இறங்கும்போது சட்டி கழுதைமேல் சவாரி வந்தது, தோழர் எவெலியோ தன் சட்டையைக் கழற்றி அதற்குப் போர்த்தியிருந்தார். நான் பின்னால் நடந்தேன். தோழர் லிசார்டோ என் பக்கத்தில் வந்து, முகாம் முடிந்ததும் தானே போய் உண்மையைச் சொல்லிச் சட்டியை வாங்கித் தருவதாகச் சத்தியம் செய்தார். வடக்கு எது என்று சொன்னபோதும் அவர் முகம் இப்படித்தான் இருந்தது.

அம்மா ஆறு மணிக்கு வந்தாள். அடுப்பைப் பார்த்தாள்.

"சட்டி எங்கடி?"

மலையேற்றத்துக்குக் கொண்டுபோனேன், பள்ளத்தில் உருண்டுவிட்டது என்றேன். அம்மாவின் கை எவ்வளவு தூரம் எட்டும் என்று எனக்குத் தெரியும், அதனால் கதவோரமாக நின்றுதான் சொன்னேன். அவள் அடிக்கவில்லை. அப்படியே தண்ணீர்ப் பீப்பாய்மேல் உட்கார்ந்தாள். அப்புறம் கொல்லைப்பக்கம் போய், பன்றிக் கொழுப்பு வந்த பழைய தகர டப்பா ஒன்றைத் தேடி எடுத்து, ஆணியால் இரண்டு ஓட்டை போட்டு, கம்பி மாட்டிப் பிடி செய்தாள். அன்றிலிருந்து அதில்தான் சமையல்.

மூன்று வாரம். டப்பாவில் பீன்ஸ் வேகாது. அடி கருகும், மேலே கல்லாக நிற்கும். சோற்றை இரண்டு தடவையாக வடிக்க வேண்டும். கம்பி சூடேறி அம்மாவின் விரல்களைச் சுட்டது, அந்த விரல்களோடு மறுநாள் சோடா உப்புத் தண்ணீரில் ஆஸ்பத்திரித் துணி துவைத்தாள். சாப்பிடும்போது நான் அவள் கையைப் பார்க்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவளும் சட்டியைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. கேட்காததுதான் என்னைக் கொன்றது.

நடுவில் அருங்காட்சியகத்தில் திறப்பு விழா நடந்தது. ஊரே திரண்டது, ஏனென்றால் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள், சிவப்புத் துணிமேல், எங்கள் சட்டி கால்மேல் கால் போடாத குறையாக உட்கார்ந்திருந்தது. கீழே தோழர் எவெலியோ தன் அழகான கையெழுத்தில் எழுதிய அட்டை:

'சமையல் பாத்திரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம். கொடும் பசிக் காலத்தில் உழைக்கும் மக்கள் கையில் கிடைத்ததையெல்லாம் இதிலிட்டுச் சமைத்து உயிர் பிழைத்தார்கள்.'

டானியுர்கா கவிதை வாசித்தாள். தோழர் லிசார்டோ பதக்கம் வாங்கினார், வாங்கும்போது காது சிவந்திருந்தது. அம்மா மட்டும் வரவில்லை. தலைவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். அம்மாவுக்குத் தலைவலி வந்து நான் பார்த்ததே இல்லை. ஆனால் அன்றைக்கு அந்தத் தலைவலிக்கு மனசுக்குள் மெழுகுவத்தி ஏற்றினேன்.

கடலைப் பார்த்தேன். ஐந்து நாளும் பார்த்தேன். முதல் நாள் அதைக் குடித்துப் பார்த்து வாந்தி எடுத்தேன், இரண்டாம் நாள் அதிலிருந்து என்னை இழுத்துக்கொண்டு வர இரண்டு பேர் வேண்டியிருந்தது. அவ்வளவு தண்ணீரை யாரும் வரிசையில் நிற்காமல் பெற்றுக்கொள்ளலாம் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. மூன்றாம் நாள் மதியம் மீன் போட்டார்கள். பெரிய வார்ப்பிரும்புச் சட்டியில் கொண்டுவந்து வைத்தார்கள், இரண்டு காதும் ஒழுங்காக இருந்த சட்டி. மீன் தொண்டையில் இறங்கவில்லை. ஒஸ்மெல் என் பங்கையும் சேர்த்துத் தின்றுவிட்டு, என்னைப் போன்ற தோழி யாருக்குக் கிடைக்கும் என்றான்.

வீடு திரும்பியபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். விரல்களில் துணி சுற்றியிருந்தது. நான் அவளுக்கென்று புட்டியில் கடல்தண்ணீர் கொண்டுவந்திருந்தேன். வாங்கி, மூடியைத் திறந்து, முகர்ந்து பார்த்தாள். ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்புக்கு ஆகும்," என்றாள். "கடல் எப்படிடி இருந்துச்சு?"

பெருசா இருந்துச்சும்மா என்று சொல்ல வாய் எடுத்து, அழுதுவிட்டேன். சட்டி பள்ளத்தில் விழவில்லை என்று ஆரம்பித்தேன். அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள், மூன்று வாரக் குட்டு, கணக்குத் தீர்ந்தது.

"அன்னிக்கு சாயங்காலமே டானியுர்கா அவ அம்மாகிட்ட சொல்லி, அவ எங்கிட்ட சொல்லியாச்சு. மறுநாளே போயி கண்ணாடி வழியாப் பாத்துட்டுத்தான் வந்தேன். நான் வாயத் தெறந்தா நீங்க பதினாலும் கடலப் பாத்திருப்பீங்களா?" மூக்கைத் துடைக்கச் சொல்லி இடுப்பில் கட்டியிருந்த துண்டை நீட்டினாள். "பாத்தாச்சுல்ல? கெளம்பு. சட்டியத் தூக்கிட்டு வரலாம்."

தகர டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டாள். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. தோழர் எவெலியோவை அடிக்கத்தான் என்று நினைத்தேன்.

இரண்டாம் அறையில் அவர் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா நேராக விஷயத்துக்கு வந்தாள். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை, ரொம்பப் பொறுமையாக வரலாற்றை விளக்கினார். பாத்திரத்தின் வாய் வளைவைச் சொன்னார், சோள மணியைச் சொன்னார். காதை ஒட்டவைத்த முறையைப் பார்த்தாலே ஓர் அடிமைக் கொல்லனின் கைவேலை தெரிகிறது என்றார். அம்மா பெட்டியைத் திறக்கச் சொன்னாள். அவர் திறந்தார், நல்ல மனிதர். அம்மா சட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, உடைந்த காதின் அடியில், கரி மேடிட்டிருந்த போல்ட்டின் தலையை எதிரே இருந்த ஆவணம் குத்தும் ஊசியால் பரபரவென்று சுரண்டினாள். கரி உதிர்ந்தது. இரும்பில் பொறித்த எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எல்லாம் ரஷ்ய எழுத்து.

"ஏன் தோழர்," என்றாள் அம்மா, "அந்தக் காலத்து பிரெஞ்சுக்காரன் ரஷ்ய டிராக்டரா ஓட்டிட்டிருந்தான்?"

தோழர் எவெலியோ கண்ணாடியைக் கழற்றினார். நூலைச் சரிசெய்தார். மறுபடி மாட்டி, குனிந்து, அந்த எழுத்துகளை வெகுநேரம் படித்தார். ஆறு வருடம் காத்திருந்த மனிதர் அப்படியே சுருங்கிப்போனார். வியாழக்கிழமை மாகாணத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று, யாரிடம் என்றில்லாமல் சொன்னார். அவர் வயிறு இரைந்தது எங்கள் இருவருக்கும் கேட்டது. எனக்கு அவர்மேல் அம்மாவின் விரல்களைப் பார்த்து வந்ததைவிடக் குறைவாகத்தான் பரிதாபம் வந்தது, ஆனால் வந்தது.

அம்மா சட்டியைத் தூக்கி என் தலையில் வைத்தாள். பழைய கனம். அப்புறம் கையிலிருந்த தகர டப்பாவை அந்தச் சிவப்புத் துணிமேல் வைத்தாள், அடி கருகிய பக்கம் முன்னால் தெரிகிற மாதிரித் திருப்பி வைத்தாள். சாப்பிட வாங்க, ஏழு மணிக்கு பீன்ஸ் வெந்துடும் என்று அவரிடம் சொல்லிவிட்டு நடந்தாள்.

வாசலில் நான் திரும்பிப் பார்த்தேன். தோழர் எவெலியோ டப்பாவின் முன்னால் நின்று தன் அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார். பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு என்பதை மட்டும் அடித்தார். மற்றதில் கை வைக்கவில்லை.